கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் பழைய மாணவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் சமஸ்கிருதக் கல்லூரி இது? காசியில் இருப்பதா, மயிலாப்பூரில் இருப்பதா?

இரண்டும் இல்லை. காசிக் கல்லூரி 1791-ல் தொடங்கியது. மயிலாப்பூரில் உள்ளது வி. கிருஷ்ணசாமி ஐயர் 1906-ல் நிறுவியது. இங்கே பேசப்படுவது 1824 ஜனவரி 1 அன்று கல்கத்தா பௌபஜாரில் ஒரு வாடகை வீட்டில் தொடங்கிய அரசுக் கல்லூரி. 1826-ல் கோல்தீகி குளக்கரையில், இன்று காலேஜ் ஸ்குவேர் எனப்படும் இடத்தில், சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. அதே கட்டடத்தில் ஆங்கிலக் கல்வி தந்த இந்து கல்லூரியும் நடந்தது. பழைய மாணவர் பட்டியல்களில் வரும் குழப்பங்களில் பாதி இந்த ஒட்டுக்குடித்தனத்திலிருந்து வந்தவை. அதைப் பின்னால் பார்ப்போம்.

பழைய சாஸ்திரங்களைக் காப்பாற்றத்தானே கல்லூரி தொடங்கினார்கள்? அதன் மாணவர்கள் ஏன் சீர்திருத்தக்காரர்களாக அறியப்படுகிறார்கள்?

நோக்கம் அதுவேதான். அதனால்தான் ராஜா ராம்மோகன் ராய் 1823 டிசம்பரிலேயே கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்டுக்குக் கடிதம் எழுதி இந்தத் திட்டத்தை எதிர்த்தார். இலக்கண நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கணிதமும் உடற்கூறும் வேதியியலும் சொல்லிக் கொடுங்கள் என்பது அவர் வாதம். ஆனால் நடந்ததைப் பாருங்கள். வங்கக் குழந்தைகளின் அரிச்சுவடி, விதவை மறுமணத்துக்கான சாஸ்திர வாதம், மேல்நாட்டு முறையில் நடந்த பிணக்கூறாய்வு, வங்க மேடையின் முதல் சமூக நாடகங்களில் ஒன்று என எல்லாமே இந்த வகுப்புகளிலிருந்து வெளிவந்தவர்கள் செய்தவை. சாஸ்திரத்தை அடிவரை படித்தவர்களுக்குத்தான் அதன் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்திருந்தது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதற்கான சான்றுகளே.

வித்யாசாகர், தர்க்காலங்கார், வித்யாரத்ன... இவை குடும்பப் பெயர்களா?

இல்லை, பட்டங்கள். இது தெரியாமல் பட்டியலைப் படித்தால் ஆள் மாறிப்போகும். வித்யாசாகர் என்றே அறியப்படும் வங்கச் சீர்திருத்தக்காரர் ஈஸ்வர சந்திரரின் குடும்பப் பெயர் பந்தோபாத்யாய். 1839-ல் இந்து சட்டக் குழுவின் தேர்வில் தேறியபோது தந்த சான்றிதழில் ‘வித்யாசாகர்’ என்ற பட்டம் இருக்கிறது. அவர் கையெழுத்திட்டதோ ‘ஈஸ்வர சந்திர சர்மா’ என்று. மதன மோகன தர்க்காலங்காரின் குடும்பப் பெயர் சட்டோபாத்யாய்.

பட்டத்தைப் பார்த்தாலே துறை ஓரளவு தெரியும். ‘தர்க்க’, ‘நியாய’ என்று தொடங்கினால் தர்க்கம் படித்தவர் என்று கொள்ளலாம். ‘ஸ்மிருதி’ என்றால் தர்மசாஸ்திரம். ‘வித்யா’ என்று தொடங்குபவை பொதுவானவை, அவற்றிலிருந்து துறையை ஊகிக்க முடியாது.

‘சாஸ்திரி’ என்ற பெயரில் தமிழ் வாசகர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் ஊரில் சாஸ்திரிகள் என்றால் வைதிகம் பார்ப்பவர் என்று பொருள் கொள்வோம். ஹரப்பிரசாத் சாஸ்திரி, சிவநாத் சாஸ்திரி இருவரும் பட்டாச்சார்யர்கள். இந்தக் கல்லூரியிலிருந்து எம்.ஏ. தேறியதற்காகக் கிடைத்த பட்டம் அது. சிவநாத் பூணூலைத் துறந்து பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தவர், 1878-ல் சாதாரண பிரம்ம சமாஜத்தை நிறுவியவர்களில் ஒருவர். அவரைப் புரோகிதர் என்று நினைத்துப் படித்தால் எதுவும் விளங்காது.

நூலகத்தில் ‘வித்யாசாகர்’ பதிப்பு என்று நூற்றுக்கு மேல் சமஸ்கிருத நூல்கள் இருக்கின்றனவே, எல்லாம் ஈஸ்வர சந்திரர் பதிப்பித்ததா?

அவற்றில் பெரும்பாலானவை ஜீவானந்த வித்யாசாகர் பதிப்பித்தவை. இவர் வேறு ஆள். வாசஸ்பத்யம் அகராதியைத் தொகுத்த தாராநாத தர்க்கவாசஸ்பதியின் மகன், இவரும் இதே கல்லூரி மாணவர். முகப்புப் பக்கத்தில் ‘ஜீவானந்த’ இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு 1870-க்குப் பிறகு, உரையுடன் கூடிய காவியம் அல்லது நாடகம் என்றால் பெரும்பாலும் அவர்தான்.

ஈஸ்வர சந்திரர் அங்கே என்னென்ன படித்தார்?

1820-ல் வீர்சிங்க கிராமத்தில் பிறந்தவர் 1829-ல், ஒன்பதாவது வயது நடக்கும்போது, இலக்கண வகுப்பில் சேர்ந்து 1841 டிசம்பரில் வெளியேறினார். ஏறக்குறைய பன்னிரண்டரை ஆண்டு. முதலில் வோபதேவரின் முக்தபோதம் என்ற இலக்கணம். பிறகு ஜெயகோபால தர்க்காலங்காரிடம் காவியம், பிரேமசந்திர தர்க்கவாகீசரிடம் அலங்காரம் (அணியிலக்கணம்), தொடர்ந்து வேதாந்தம், ஸ்மிருதி, நியாயம், ஜோதிஷம். அந்த நாளில் கட்டணம் கிடையாது, நன்றாகப் படிப்பவர்களுக்கு உதவித்தொகை உண்டு. அவருக்கு மாதம் 5 ரூபாய் கிடைத்தது. வெளியேறிய அதே மாதம், ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இந்திய மொழிகள் கற்பித்த ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் தலைமைப் பண்டிதர் வேலை, சம்பளம் 50 ரூபாய்.

1851 ஜனவரியில் தான் படித்த கல்லூரிக்கே முதல்வரானார். செய்த மாற்றங்கள் பல. அதுவரை பிராமணர், வைத்தியர் ஆகிய இரு சாதிப் பிள்ளைகள்தான் சேர முடியும். 1851-ல் காயஸ்தர் என்ற சாதியினருக்குக் கதவு திறந்தது, 1854-ல் அது மேலும் விரிந்தது. பிரதமை, அஷ்டமி விடுமுறை போய் ஞாயிறு விடுமுறை வந்தது. கட்டணம் வந்தது. ஆங்கிலத்துக்கு இடம் கூடியது.

இவற்றில் மாணவர்களுக்கு உடனே உதவியது இலக்கணப் பாட மாற்றம். முக்தபோதம் சமஸ்கிருதத்திலேயே எழுதப்பட்ட சூத்திர நூல். சமஸ்கிருதம் தெரியாத எட்டு வயதுப் பையன், சமஸ்கிருதம் கற்பதற்காக, சமஸ்கிருதச் சூத்திரங்களைப் பொருள் தெரியாமல் மூன்று நான்கு வருடம் உருப்போட்டான். வித்யாசாகர் 1851-ல் வங்க மொழியில் எளிய சமஸ்கிருத இலக்கணம் ஒன்றை எழுதி அதை மாற்றினார். சந்தி, வேற்றுமை, வினைத்திரிபு என்ற வரிசையில் தாய்மொழி விளக்கத்தோடு போகும் அந்தப் பாதையில்தான் இன்றும் வங்கத்தில் பலர் சமஸ்கிருதத்துக்குள் நுழைகிறார்கள்.

அவருடைய அரிச்சுவடியில் அப்படி என்ன விசேஷம்?

1855-ல் வந்த ‘வர்ணபரிசய’த்தில் அவர் எழுத்துகளையே எண்ணிச் சரிசெய்தார். அதற்கு முன் வங்க அரிச்சுவடியில் உயிர் 16, மெய் 34. வங்க மொழியில் பயன்படாத நெடில் ரூ-காரம், நெடில் லூ-காரம் இரண்டையும் நீக்கினார். மூக்கொலிக் குறியான அனுஸ்வாரம், மூச்சொலிக் குறியான விசர்க்கம் இரண்டையும் மெய்ப் பக்கம் தள்ளினார். உயிர் 12 ஆனது. ‘க்ஷ’ கூட்டெழுத்து என்பதால் மெய்ப் பட்டியலிலிருந்து வெளியே போனது. உயிரை மூக்கொலியாக்கும் சந்திரபிந்துக் குறியும், கீழே புள்ளி வைத்த ட, ட(ஹ), ய எழுத்துகளும் தனி எழுத்துகளாக உள்ளே வந்தன. பிற்பதிப்பில் கண்ட-த என்ற, உயிரேறாத ‘த்’ எழுத்தும் சேர மெய் 40.

சமஸ்கிருதப் பண்டிதர் ஒருவர் சமஸ்கிருத வரிசையை அப்படியே காப்பாற்றாமல், பிள்ளை வாயில் வரும் ஒலிக்கு ஏற்ப வெட்டி ஒட்டியிருக்கிறார். ஒரு மொழிக்குச் செய்யக்கூடிய தொண்டில் இதைவிட அடிப்படையானது குறைவு. அச்சுக்கோப்பவர்களுக்காக எழுத்துப் பெட்டியின் அறைகளையும் அவர் மாற்றியமைத்தார். அதற்கு ‘வித்யாசாகர் ஸாட்’ என்று அச்சகங்களில் பெயர்.

மதன மோகன தர்க்காலங்கார் யார்? வித்யாசாகர் அளவுக்குப் பெயர் தெரியவில்லையே?

வித்யாசாகரின் கல்லூரித் தோழர். 1849-ல் குழந்தைகளுக்கான ‘சிசு சிக்ஷா’ எழுதினார். பறவைகள் குரல் கொடுக்க இரவு விடிவதைச் சொல்லும், எல்லா வங்கப் பிள்ளைக்கும் தெரிந்த அந்த விடியல் பாட்டு அதில்தான் இருக்கிறது. பலர் அதை வித்யாசாகர் எழுதியது என்று நினைக்கிறார்கள். அதே 1849-ல் பெத்யூன் பெண்கள் பள்ளி தொடங்கியபோது, ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல் தன் இரண்டு மகள்களையும் அனுப்பிவைத்தார்.

1847-ல் இருவரும் 600 ரூபாய் கடன் வாங்கி சமஸ்கிருத அச்சகம் தொடங்கினார்கள். முதலில் பாரதசந்திரரின் ‘அன்னதாமங்கல்’ காவியத்தை, கிருஷ்ணநகர் அரண்மனைச் சுவடியை வைத்துத் திருத்தி அச்சிட்டார்கள். ஃபோர்ட் வில்லியம் கல்லூரி 100 படிகளைப் படி 6 ரூபாய் வீதம் வாங்கிக்கொண்டது. கடன் அடைந்தது. பாடநூல் வருமானத்தில் சொந்தக் காலில் நின்றதால்தான் வித்யாசாகரால் 1858-ல் அரசு வேலையை உதறிவிட்டு வர முடிந்தது.

விதவை மறுமண விவாதத்தில் கல்லூரிப் படிப்பு எப்படி உதவியது?

முழு விவாதமும் பராசர ஸ்மிருதியின் ஒரு சுலோகத்தில் நிற்கிறது:

நஷ்டே ம்ருதே ப்ரவ்ரஜிதே க்லீபே ச பதிதே பதௌ
பஞ்சஸ்வாபத்ஸு நாரீணாம் பதிரன்யோ விதீயதே

கணவன் காணாமல் போனாலோ, இறந்தாலோ, துறவு பூண்டாலோ, ஆண்மையற்றவனானாலோ, நெறி வீழ்ந்தாலோ, இந்த ஐந்து இடர்களில் பெண்ணுக்கு வேறொரு கணவன் விதிக்கப்படுகிறான் என்பது பொருள். இது வேறு யுகத்துக்குச் சொன்னது என்பது எதிர்த்தரப்பின் வலுவான மறுப்பு. கலியுகத்துக்குரிய ஸ்மிருதி பராசரமே என்று அந்த நூலே சொல்லும்போது, கலிக்குப் பொருந்தாததை அது ஏன் விதிக்க வேண்டும் என்பது வித்யாசாகரின் பதில்.

இலக்கண முடிச்சும் ஒன்று உண்டு. ‘பதி’ என்ற சொல் தனித்து வரும்போது ஏழாம் வேற்றுமையில் ‘பத்யௌ’ என்றுதான் ஆக வேண்டும். சுலோகத்தில் ‘பதௌ’ என்று இருக்கிறது. ‘பதிதே’ என்பதன் பின் ஓர் அகரம் சந்தியில் மறைந்திருக்கிறது, சொல் ‘அபதௌ’, அதாவது இன்னும் முழுக் கணவன் ஆகாத, நிச்சயம் மட்டும் ஆனவன் என்று பிரிப்பவர்கள் உண்டு. அப்படிப் பிரித்தால் விதவை மறுமணம் வெறும் நிச்சயதார்த்த முறிவாகச் சுருங்கிவிடும். ஸ்மிருதிகளிலும் இதிகாசங்களிலும் இலக்கணம் மீறிய வடிவங்கள் சாதாரணம் என்பதால், ‘பதௌ’ என்பதைக் கணவன் என்றே எடுப்பதில் தவறில்லை. ஓர் அகரம் இருக்கிறதா இல்லையா என்பதில் லட்சக்கணக்கான பெண்களின் வாழ்வு தொங்கியது. அந்த இடத்தில் நின்று வாதாட இலக்கணமும் ஸ்மிருதியும் இரண்டும் படித்த ஆள் வேண்டியிருந்தது.

1856 ஜூலை 26-ல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. டிசம்பர் 7-ல் அதன்படி நடந்த முதல் திருமணத்தின் மணமகன் ஸ்ரீசசந்திர வித்யாரத்ன. அவரும் இந்தக் கல்லூரியில் படித்தவர்தான். மணமகள் காளிமதி. சென்னை மாகாணத்தில் 1881-ல் ராஜமுந்திரியில் விதவை மறுமணம் நடத்திய கந்துகூரி வீரேசலிங்கத்துக்குத் ‘தென்னாட்டு வித்யாசாகர்’ என்ற பெயர் வந்தது இதனால்தான்.

பிணத்தை அறுத்த முதல் மாணவர் சமஸ்கிருதம் படித்தவர் என்பது உண்மையா?

உண்மை. மதுசூதன குப்தர் கல்லூரியின் வைத்தியப் பிரிவில் ஆயுர்வேதம் படித்து, 1830-ல் அதே பிரிவுக்கு ஆசிரியரானார். 1835-ல் அந்தப் பிரிவை மூடிவிட்டுக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியதும் அங்கே மாற்றப்பட்டார். 1836-ல் மனித உடலைக் கூறாய்வு செய்தார்.

‘சாஸ்திரத் தடையை மீறினார்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. சாதித் தடை கடுமையாக இருந்தது. ஆனால் வைத்திய நூலில் தடை இல்லை. சுஸ்ருத சம்ஹிதையில் உடலமைப்பைச் சொல்லும் சாரீரஸ்தானப் பகுதியின் ஐந்தாம் அத்தியாயம் பிணக்கூறாய்வுக்கு முறையே சொல்கிறது. நஞ்சால் சாகாத, நெடுநாள் நோயில் கிடக்காத, நூறு வயது ஆகாத, உறுப்பு குறையாத உடலாக எடுக்க வேண்டும். குடல் மலத்தை நீக்கி, முஞ்சைப்புல், மரப்பட்டை, தர்ப்பை, சணல் இவற்றில் ஒன்றால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் நீரில் மறைவான இடத்தில் அமிழ்த்த வேண்டும். ஏழு இரவு கழித்து ஊறிய உடலை எடுத்து, வெட்டிவேர், மயிர், மூங்கில் போன்றவற்றால் செய்த தூரிகையால் மெல்ல மெல்லத் தேய்த்து, தோல் முதல் ஒவ்வொரு அடுக்காகக் கண்ணால் பார்க்க வேண்டும். கத்தி வைத்து வெட்டுவது அல்ல, ஊறவைத்து உரிப்பது. இதில் மென்மையான உள்ளுறுப்புகளும் நரம்புகளும் சிதைந்துபோகும், எலும்பும் தசைநாரும்தான் தெளிவாகத் தெரியும்.

1835-36-ல் இதே சுஸ்ருதத்தை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? மதுசூதன குப்தரேதான். நூலைத் தன் கையால் திருத்தி அச்சுக்குக் கொடுத்தவருக்கு, தான் செய்யப்போவது தன் மரபுக்கு அந்நியமானது அல்ல என்று தெரிந்திருந்தது. ஆங்கில உடற்கூற்று நூல் ஒன்றையும் அவர் சமஸ்கிருதத்தில் பெயர்த்தார்.

வாசஸ்பத்யம் அகராதியை எப்படிப் பார்ப்பது?

தாராநாத தர்க்கவாசஸ்பதி 1873 முதல் 1884 வரை வெளியிட்ட அகராதி. மறுபதிப்பில் ஆறு தொகுதி, 5,400 பக்கத்துக்கு மேல். விளக்கம் எல்லாம் சமஸ்கிருதத்திலேயே இருக்கும். தலைச்சொல்லை அடுத்து வரும் சுருக்கங்களை முதலில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘பு’ ஆண்பால், ‘ந’ அலிபால், ‘ஸ்த்ரீ’ பெண்பால், ‘த்ரி’ மூன்று பாலிலும் வருவது, அதாவது பெயரடை. தாது, அதாவது வினையடி என்றால், கணம் (வினை வகுப்பு), பதம் (பரஸ்மைபதமா ஆத்மநேபதமா), ஸகர்மகம்-அகர்மகம் (செயப்படுபொருள் ஏற்குமா ஏற்காதா), இட் (விகுதிக்கு முன் வரும் இகரம்) ஏற்குமா என்ற வரிசையில் வரும்.

பிறகு சொல் பிறந்த விதம், பொருள்கள், மேற்கோள்கள். தர்மசாஸ்திரம், ஜோதிஷம், தந்திரம், வைத்தியம் சார்ந்த சொல்லானால் பல பத்திகளுக்கு நூற்பகுதிகளை அப்படியே தருவார். சிறு கலைக்களஞ்சியம் என்றே சொல்லலாம். குறை, மேற்கோளின் நூற்பெயரைச் சொல்வார், இடம் பெரும்பாலும் சொல்ல மாட்டார். அதை மூலத்தோடு ஒத்துப்பார்க்காமல் கட்டுரையில் எடுத்தாள வேண்டாம். சொல் கிடைக்கவில்லையா? ‘ப’ (ba) ஒலியும் ‘வ’ ஒலியும் வங்க எழுத்தில் ஒரே வடிவம். வங்கத்தில் அச்சான எந்த நூலிலும் ஒன்றில் இல்லாததை மற்றதில் தேடுங்கள்.

நாடகம், பத்திரிகைத் துறையில் யார் இருக்கிறார்கள்?

இராமநாராயண தர்க்கரத்ன. குலீனர் எனப்படும் உயர்குடிப் பிராமணர் ஒருவரே பல பெண்களை மணக்கும் வழக்கத்தைத் தாக்கி நாடகம் எழுதுபவருக்கு 50 ரூபாய் என்று ரங்கபூர்ப் பக்கத்து ஜமீன்தார் ஒருவர் அறிவித்தார். இராமநாராயணர் எழுதிய ‘குலீன குலசர்வஸ்வ’ 1854-ல் அந்தப் பரிசைப் பெற்றது, 1857-ல் மேடையேறியது. பத்திரிகையில் துவாரகாநாத வித்யாபூஷண், 1858-ல் ‘சோமப்பிரகாஷ்’ வார இதழைத் தொடங்கியவர். 1878-ன் சுதேசமொழிப் பத்திரிகைச் சட்டம் அந்த இதழை நிறுத்தவைத்தது. இவர் சிவநாத் சாஸ்திரியின் தாய்மாமன். பெண் மருத்துவர் காதம்பினியின் கணவர் துவாரகாநாத கங்கோபாத்யாய் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஹரப்பிரசாத் சாஸ்திரி கண்டுபிடித்தது என்ன?

1907-ல் நேபாள அரண்மனை நூலகத்தில், பௌத்த சித்தர்கள் பாடிய சர்யாகீதிகளின் பனையோலைச் சுவடி. 1916-ல் அச்சானது. ஐம்பது பாடல்களில் நாற்பத்தாறு முழுதாகவும் ஒன்று பாதியாகவும் கிடைத்தன, இடையே சில ஏடுகள் இல்லை. பழைய வங்க மொழி என்று அவர் வெளியிட்டார். அசாமியரும் ஒடியரும் மைதிலியரும் இது எங்கள் மொழியின் பழைய வடிவம் என்கிறார்கள். அந்த மொழிகள் முழுதாகப் பிரியாத காலத்துப் பாட்டு என்பதால் எல்லோர் உரிமையிலும் நியாயம் இருக்கிறது. அவரும் 1900 முதல் 1908 வரை இதே கல்லூரி முதல்வர்.

படித்த எல்லோருக்கும் நல்ல வேலை கிடைத்ததா?

இல்லை. இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது சரியில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் படித்து, சான்றிதழும் வாங்கி, பிழைக்க வழியில்லாமல் பழைய மாணவர்கள் சிலர் கல்விக் குழுவுக்கு மனுக் கொடுத்தார்கள். பெரிய பதவி வேண்டாம், வயிறு கழுவ ஒரு வேலை போதும் என்பது மனுவின் சாரம். அந்த மனுவையே மெக்காலே 1835 பிப்ரவரிக் குறிப்பில் எடுத்துக்காட்டி, சமஸ்கிருதக் கல்விக்குப் பணம் செலவிடக் கூடாது என்று வாதிட்டார். நீதிமன்றங்களில் இந்து சட்டம் சொல்லும் பண்டிதர் பதவி ஒரு வாய்ப்பாக இருந்தது. 1864-ல் அதுவும் ஒழிக்கப்பட்டது.

தமிழ்நாட்டோடு தொடர்புள்ள பழைய மாணவர் உண்டா?

நேர்த் தொடர்பு சுரேந்திரநாத் தாஸ்குப்தாவின் எழுத்தில் இருக்கிறது. இங்கே படித்து, 1931 முதல் 1942 வரை முதல்வராக இருந்தவர். 1922-ல் தொடங்கிய அவருடைய இந்தியத் தத்துவ வரலாற்றின் மூன்றாம் தொகுதியில் ஆழ்வார்களும் யாமுனரும் இராமானுஜரும் வருகிறார்கள். 1952-ல் அவர் இறந்த பிறகு 1955-ல் வந்த ஐந்தாம் தொகுதி முழுதும் தென்னாட்டுச் சைவம். மாணிக்கவாசகருக்கும் அதில் இடம் உண்டு.

பட்டியல்களில் தவறாகச் சேர்க்கப்படுபவர்கள் யார்?

மைக்கேல் மதுசூதன தத்தர் இந்து கல்லூரி மாணவர். டெரோஸியோ அங்கே ஆசிரியர். அதே கட்டடம் என்பதால் இங்கே இழுத்துவிடுகிறார்கள். ஆங்கிலேய அறிஞர் கோவெல் 1858 முதல் 1864 வரை இங்கே முதல்வர், மாணவர் அல்ல.

ஒரு பண்டிதர் இங்கே படித்தாரா என்று சரிபார்ப்பது எப்படி?

பட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். நவத்வீபத்து டோல் பாடசாலைகளும் அதே பட்டங்களைத் தந்தன. முதலில் பட்டத்தை விலக்கி, குடும்பப் பெயரையும் ஊரையும் கண்டுபிடியுங்கள். ஆங்கில எழுத்தில் தேடும்போது ‘வித்யா’, ‘பித்யா’ இரண்டையும், ‘வாசஸ்பதி’, ‘பாசஸ்பதி’ இரண்டையும் போட்டுப் பாருங்கள். பிறகு சேர்ந்த வயதும் ஆண்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 1851-க்கு முன் சேர்ந்த காயஸ்தர் என்று ஒருவரைச் சொன்னால் தகவல் தவறு.

ஆண்டுக் கணக்கில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். வங்க ஆண்டோடு 593 கூட்டுங்கள். தேதி ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரைக்குள் விழுந்தால் 594. சக ஆண்டோடு 78, ஆண்டின் கடைசி மூன்று மாதத்துக்கு 79. விக்ரம சம்வத்திலிருந்து 57 கழிக்க வேண்டும், தேதி ஜனவரிக்குப் பின் ஆண்டு முடிவதற்குள் விழுந்தால் 56. சோதித்துப் பார்க்க ஒரு தேதி: ஸ்ரீசசந்திரரின் திருமணம் வங்க ஆண்டு 1263, அக்ரஹாயணம் 23. 593 கூட்டினால் 1856, அதாவது டிசம்பர் 7.

கல்லூரி இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. அதே பழைய கட்டடம், பங்கிம் சாட்டர்ஜி தெரு, காபி ஹவுஸ் பக்கத்தில். இப்போது பல்கலைக்கழகமாகிவிட்டது.